அபுல் ஹசன் சிங்கப்பூருக்கு அனுப்பிய எச்சில்

பரங்கிப்பேட்டையில் அபுல் ஹசனைத் தெரியாதவர்கள் குறைவு. அவரால் ஒரு காரியம் ஆக வேண்டும் என்று தேடி வருகிறவர்கள் அதைவிடக் குறைவு. இருபத்தாறு வருடம் சவூதியில் தம்மாமில் லாரி உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எந்த போல்ட் எந்தத் தட்டில் கிடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஊருக்குத் திரும்பி நாலு வருடம் ஆகியும், சொந்த வீட்டில் சர்க்கரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வீட்டைக் கட்டியது அவர் அனுப்பிய பணம். கட்டி முடித்தது ரசியா. கொத்தனாரோடு சண்டை போட்டது, போர்வெல் போட்டது, கரண்ட் ஆபீசுக்கு நடந்தது, மகளைக் கட்டிக்கொடுத்தது, மகன் அசாருதீனைப் படிக்கவைத்து சிங்கப்பூருக்கு ஏற்றியது, எல்லாம் அவர் மனைவி ரசியாதான். அபுல் ஹசன் ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து, நடந்து முடிந்ததை எல்லாம் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டுப் போவார்.

திரும்பி வந்த புதிதில் அவரும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அடுக்களைச் சாமான்களைக் கிடங்கு முறைப்படி எடைவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவைத்தார். ரசியா வந்து பார்த்தாள். அஸர் தொழுதுவிட்டு அவர் திரும்பியபோது எல்லாம் பழைய இடத்துக்குப் போயிருந்தன. அவருக்கு டீ வந்தது, கூடவே பிஸ்கட்டும் வந்தது. விருந்தாளியை யாராவது திட்டுவார்களா? ரசியாவும் திட்டவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் கண்ணாடிக்கு பவர் மாற்றிக்கொண்டு சிதம்பரத்திலிருந்து தன் டிவிஎஸ் வண்டியில் வந்துகொண்டிருந்தவர், அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பக்கம் ஒரு கூட்டத்தைப் பார்த்தார். காபித்தூள் நிறத்தில் ஒரு நாய். அதன் தலை முழுக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மிச்சம் மீதியை நக்கப் போய் மாட்டியிருக்க வேண்டும். அது சுவரில் முட்டி, மரத்தில் முட்டி, நின்றிருந்த பஸ்ஸில் முட்டிக்கொண்டிருந்தது. படித்த பிள்ளைகள் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அபுல் ஹசனுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், ரொம்ப நாளைக்குப் பிறகு உபயோகமாக வந்த கோபம். எதிரே இருந்த தையல் கடையில் கத்தரிக்கோலை வாங்கினார். நாயைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு டப்பாவை விளிம்பிலிருந்து வெட்டிப் பிளந்தார். பல்பு மாதிரி தலை வெளியே வந்தது. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. அது கண்ணை இடுக்கி, முதலில் தெரிந்த முகத்தைப் பார்த்தது. பிறகு அந்த முகத்தை மோவாயிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரே இழுப்பில் நக்கியது. தாயகம் திரும்பிய அபுல் ஹசனுக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான் என்று சொன்னால் ரசியா கோபித்துக்கொள்வாள். ஆனால் அவருக்கு அப்படித்தான் பட்டது.

கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் நாய் டிவிஎஸ்ஸில் கால் வைக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இறங்கு என்று தமிழில் சொன்னார். அரபியில் சொன்னார். கிடங்கில் கற்ற இந்தியிலும் சொன்னார். மூன்று மொழியும் அதற்குப் புரியவில்லை, அல்லது மூன்றும் புரிந்தது.

வீட்டு வாசலில் ரசியா நின்றிருந்தாள். நாயைப் பார்த்தாள், அவர் முகத்தில் காய்ந்தும் காயாமலும் இருந்த ஈரத்தைப் பார்த்தாள், பிறகு கொல்லைக் குழாயை நோக்கிக் கையை நீட்டினாள். அந்த ஊரில் பெரும்பாலானவர்கள் மார்க்கத்தில் ஷாஃபி முறையைப் பின்பற்றுகிறவர்கள். நாயின் எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் அந்த இடம் நஜீஸ், அசுத்தம். ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். அபுல் ஹசன் மண்ணைக் கரைத்து முகத்தில் பூசிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து நாய் வாலை ஆட்டியது.

முகம் துடைத்து வந்ததும் ரசியா பேச்சை ஆரம்பித்தாள். நாயின் மேல் அவளுக்கு வெறுப்பு இல்லை. பாவம் ஜீவன், தண்ணி வைத்து அனுப்புங்கள் என்றுதான் முதலில் சொன்னாள். வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்த பிறகுதான் அவள் குரல் தாழ்ந்தது. ரசியாவின் குரல் தாழ்ந்தால் கொத்தனாரே கட்டிய சுவரை இடித்துவிடுவார்.

"வேட்டைக்குன்னா வச்சிக்கலாம். ஆடு மாடு பாத்துக்கன்னா வச்சிக்கலாம். காவலுக்குன்னா வச்சிக்கலாம். சும்மா ஆசைக்குன்னு வச்சிக்க முடியாதுங்க. இது என்னா வேலை பாக்கும்னு சொல்லுங்க, இருக்கட்டும்."

காவல் என்றார் அபுல் ஹசன், சட்டென்று. டப்பா என்று பெயரும் வைத்து, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தென்னை ஓலையில் ஒரு சாய்ப்பும் இறக்கிக்கொடுத்தார். ரெண்டாம் வாரமே பட்டப்பகலில் ஒருவன் மதில் ஏறிக் குதித்துத் தென்னையில் ஏறினான். டப்பா அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தது. அவன் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது கீழே விட்டுப்போன ஒரு தேங்காயை மூக்கால் உருட்டிக்கொண்டே தெருமுனை வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தது. மொட்டை மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த ரசியா இதை முழுக்கப் பார்த்துவிட்டாள். காவல் கணக்கு அன்றோடு முடிந்தது.

ஆடு மேய்க்கும் என்றார் அடுத்து. அவர்களுக்கு ஆடு கிடையாது. பக்கத்து வீட்டு ஆடுகளைக் காட்டி நிரூபிக்கலாம் என்று டப்பாவை அழைத்துப் போனார். அதில் ஒரு கிடா தலையைச் சாய்த்து டப்பாவைப் பார்த்தது. அவ்வளவுதான். டப்பா அன்று பொழுது சாயும்வரை டிவிஎஸ்ஸுக்கு அடியில் கிடந்தது, சோற்றுக்குக்கூட வரவில்லை.

மிச்சம் இருந்தது வேட்டை. பரங்கிப்பேட்டையில் நண்டைத் தவிர வேட்டையாட என்ன இருக்கிறது? ஆனால் அபுல் ஹசன் டப்பாவின் நீளமான காலையும் ஒட்டிய வயிற்றையும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இது வேட்டை ஜாதிதான், ரத்தத்தில் இருக்கிறது, காட்ட வாய்ப்பு இல்லாததால் தெரியவில்லை என்று ஒரே பிடியாக நின்றார். கிடங்கில் வேலை பார்த்த புத்தி அது. ஒரு சாமான் ஓடுகிறதா என்று யாரும் அங்கே ஓட்டிப் பார்ப்பதில்லை. முதுகில் அடித்திருக்கும் நம்பரைப் பார்த்தால் போதும். மார்க்கம் கேட்டது நாய் செய்கிற வேலையை. இவர் தேடியது அதன் முதுகு நம்பரை.

நம்பர் பார்க்கவும் ஒரு வழி இருந்தது. மகன் அசாருதீன் வீடியோ காலில் வந்தபோது விஷயம் கேட்டுச் சிரித்துவிட்டு, இங்கே நாய்க்கு டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கிறார்கள் வாப்பா, எச்சிலைக் கொஞ்சம் எடுத்து அனுப்பினால் எந்த ஜாதி எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள், முடிவு வர ரெண்டு மாதம் ஆகும் என்றான். அபுல் ஹசன் ரசியாவைப் பார்த்தார். ரசியா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரி. முடிவு வர்ற வரைக்கும் கேட்டாண்ட இருக்கட்டும். வேட்டை நாய்னு வந்துச்சுன்னா இங்கயே இருந்துக்கும். இல்லேன்னா எங்கேர்ந்து கூட்டியாந்தீங்களோ அங்கயே கொண்டுபோய் விட்டுடணும். ஹாஸ்டல் சோறு இருக்குது, பட்டினி கிடக்காது. இது பேச்சு."

பேச்சு என்றார் அபுல் ஹசனும். ரசியா கொடுத்த வாக்கிலிருந்து எந்தப் பக்கமும் ஒரு விரற்கடை நகராதவள் என்பது அவருக்குத் தெரியும். அதில் அன்றைக்கு அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த ஊரில் வெளிநாட்டிலிருந்து சாமான் வருவதற்குத் தபால் தேவையில்லை. வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். போகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். சிங்கப்பூருக்கும் ஊருக்குமாக வியாபாரம் செய்கிற உபைதுல்லா மைலோ, கோடாலித் தைலம், பிஸ்தா ஆகியவற்றோடு அந்தச் சின்னப் பெட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நீளமான பஞ்சுக் குச்சி ரெண்டு, அதைப் போட்டு மூட ஒரு குழாய், படம் போட்ட ஒரு தாள். நாயின் கன்னத்துக்கு உள்பக்கம் குச்சியை அரை நிமிடம் உருட்ட வேண்டும்.

ரசியாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எந்த எச்சில் மேலே பட்டுவிடக் கூடாது என்று மாதக்கணக்காக மனுஷன் மண்ணும் தண்ணியுமாக நிற்கிறாரோ, அதையே சிங்கப்பூர்க்காரன் கேட்டு வாங்குகிறான். அவள் ஒரு வாளி தண்ணீரும் ஒரு சட்டி மண்ணும் தயாராக வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாள்.

அபுல் ஹசன் முழங்கை வரை பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு டப்பாவின் வாயைத் திறந்தார். டப்பா வாழ்க்கையில் தனக்கு நீட்டப்பட்ட எதையும் மறுத்ததில்லை. பஞ்சை ஒரே கடியில் கடித்து விழுங்கிவிட்டு, மிச்சக் குச்சியையும் மென்றுவிட்டு, அடுத்தது எங்கே என்று அவரைப் பார்த்தது. பை கிழிந்து, சட்டை நனைந்து, தாடியிலும் நுரை. அன்று அவர் கழுவிய கழுவலில் போர் தண்ணீர் கலங்கி வந்தது.

ஒரு குச்சிதான் மிச்சம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டப்பாவை உற்றுப் பார்த்தார். மடங்கிய காது. கோணல் வால். தன் வாலையே யாரோ என்று நினைத்துக் குரைக்கிற குணம். அபுல் ஹசனின் நம்பிக்கை அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது. நாய் போய்விட்டால் காலையில் எழுந்து தான் என்ன செய்வோம் என்று யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. அந்த வெறுமைதான் அவரை வண்டியை எடுக்க வைத்தது.

போனது கிள்ளைக்கு, பூவராகன் வீட்டுக்கு. பூவராகன் அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். பிச்சாவரம் போகிற வழியில் இறால் குட்டை வைத்திருக்கிறார், கடலுக்குப் போகிற படகு ஒன்றும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஜமீன் என்று ஒரு நாய் வைத்திருக்கிறார். பால் வெள்ளை. அசல் ராஜபாளையம். யாரோ ஒரு ஜமீன்தார் வீட்டு வாரிசிடமிருந்து கைமாறி வந்தது என்று பூவராகன் இறால் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். கேட்காமல் விலை பேச முடியாது.

அபுல் ஹசன் ஒளிக்காமல் விஷயத்தைச் சொன்னார். பூவராகன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"இதுக்கா மச்சான் இந்த முழி முழிக்கிற? எடுத்துக்க. என் ஜமீனுக்கு டெஸ்ட்டே தேவையில்ல, பாத்தாலே ராஜபாளையம்னு தெரியும். ரிசல்ட் வந்தா எனக்கும் ஒண்ணு காட்டு, என்னா?"

ஜமீன் வாயைத் திறந்து, குச்சியை உருட்டவிட்டு, மரியாதையாக மூடிக்கொண்டது. வம்சம் என்றால் வம்சம்தான் என்று அபுல் ஹசனே நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், மிச்சக் குச்சியில் எடுத்தாச்சா என்று ரசியா கேட்டாள். எடுத்தாச்சு என்றார். அந்த ஒரு வார்த்தையில் பொய் எதுவும் இல்லைதான். ஆனாலும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் குழாயை நீட்டினார்.

ரசியா அந்தக் குழாயை ஏழு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிச்சுப்போட்டாள். மறுநாள் அதை உபைதுல்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, இப்போதெல்லாம் ஏர்போர்ட்டில் கேட்கிறார்கள், உள்ளே என்ன என்று உபைதுல்லா கேட்டார். எச்சில், ஒரு டெஸ்ட்டுக்கு, என்றார் அபுல் ஹசன். யாருடையது என்று உபைதுல்லா கேட்கவில்லை. ஏழு கவரையும் பார்த்தார், அபுல் ஹசன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் தோளில் கையை வைத்து, அல்லாஹ் ஷிஃபா கொடுப்பான் மச்சான், குணமாயிடும், மனசை விடாதீங்க என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அபுல் ஹசனுக்கு ஏதோ பெரிய வியாதி; இங்கே உள்ள டாக்டர்களுக்குப் புரியவில்லை; எச்சில் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இமாம் ஹஜ்ரத் அவர் பெயரைச் சொல்லி துஆ கேட்டார். பள்ளிவாசல் முழுக்க ஆமீன் என்றது. சம்பந்தப்பட்டவர் ஆமீன் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அபுல் ஹசனும் சொன்னார். வீட்டுக்கு ஹார்லிக்ஸ் வந்தது, நாட்டுக்கோழி சூப் வந்தது, காயல்பட்டினம் வரை போய் ஓதி வாங்கிய தண்ணீர் வந்தது. வந்தவர்களிடம் உண்மையைச் சொல்ல ரசியா வாயைத் திறந்தபோதெல்லாம் அவர்கள் அழுதுவிட்டார்கள். கடைசியில் அவளே, இப்ப உடம்பு பரவாயில்லைங்க என்று சொல்லிச் சமாளித்து அனுப்ப வேண்டியதாயிற்று. கோழி சூப்பின் எலும்பெல்லாம் டப்பாவுக்குப் போனது.

அந்த ரெண்டு மாதம் அபுல் ஹசனுக்குப் பொன்னான காலம். காலையில் டப்பாவோடு வெள்ளாற்று முகத்துவாரம் வரை நடை. வந்ததும் லுங்கியைக் கழுவல். பிறகு கிடங்குக் கதைகள். வெயிலில் வண்டி டயர் வெடித்த கதை, எத்தியோப்பியாக்காரன் ஒருவன் நோன்புக் கஞ்சியை முதல்முறை குடித்த கதை என்று வீட்டில் யாரும் கேட்காத கதைகள் அத்தனையையும் டப்பா காது கொடுத்துக் கேட்டது, நிமிர்ந்த காது மட்டும் என்றாலும். அவர் தெருவில் திரும்பும்போதே அது கேட்டில் முன்னங்காலை வைத்து ஊளையிடும். ஒருவர் வரவுக்காக அப்படி ஒரு ஜீவன் பதறுவதை அவர் அதற்குமுன் கண்டதில்லை. ரசியா அதைத் தொடமாட்டாள். ஆனால் மீன் தலை மிஞ்சிவிட்டது என்று சொல்லிக்கொண்டு உயரத்திலிருந்து தட்டில் போடுவாள். ரெண்டே பேர் இருக்கிற வீட்டில் நாலு மீன் தலை எப்படி மிஞ்சும் என்று அவர் கேட்கவில்லை.

முடிவு ஒரு மத்தியானம் வந்தது. அசாருதீன் வீடியோ காலில் ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் படித்தான்.

"தெற்காசியக் கிராமத்து நாயாம் வாப்பா. நம்ம தெருநாய்தான். நூத்துக்கு நூறு. ஒரு பர்சன்ட்கூட வேற கலப்பு இல்ல."

எது என்று கத்திவிட்டார் அபுல் ஹசன். நம்ம நாய்தான் வாப்பா என்றான் மகன். அந்த வெள்ளை நிறம், அந்த மரியாதை, ஜமீன்தார் வாரிசு, எல்லாம் நூற்றுக்கு நூறு கிள்ளைத் தெருநாய். வெளிநாட்டுக்காரனுக்கு நம் ஜாதி நாய்களைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தார். ராஜபாளையமும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றான் அசாருதீன். போன் அணைந்தது. ரசியா எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில கொண்டுபோய் விட்டுடுங்க" என்றாள். சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்டின் பக்கமும் பார்க்கவில்லை.

மாலையில் பூவராகன் போன் செய்தார். ரிசல்ட் வந்துச்சா மச்சான் என்று ஆசை ஆசையாகக் கேட்டார். ஜமீனுக்குச் சோடி சேர்க்க மதுரைப் பக்கமிருந்து ஆள் வருகிறார்களாம், இந்த ரிசல்ட்டைக் காட்டினால் வாயடைத்துப் போவார்களாம். அபுல் ஹசன் கொஞ்சம் எச்சிலை விழுங்கிக்கொண்டு, வந்துச்சு மச்சான், நூத்துக்கு நூறு, சுத்த ரத்தமாம், ஒரு பர்சன்ட்கூடக் கலப்பு இல்லையாம் என்றார். எனக்குத்தான் தெரியுமே என்றார் பூவராகன். குட்டை ஓரம் நின்று அவர் போட்ட சத்தத்தில் இறால்கள் துள்ளியிருக்கும்.

ஆக, அவர் வசமாக மாட்டிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் நாற்பது வருட சிநேகிதனின் ஜமீன் கவிழும். அதைவிட, ரசியாவின் முன்னால் பொய்யனாக நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் டப்பா போய்விடும், அதுவும் இன்னொரு நாயின் எச்சிலுக்காக. ஒரு குற்றமும் செய்யாத ஜீவனுக்கு ஆள்மாறாட்டத்தில் தண்டனை. இரவுச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. ரசியாவும் தட்டைப் பாதியிலேயே ஒதுக்கிவிட்டாள்.

காலையில் டிவிஎஸ்ஸை வெளியே தள்ளினார். சத்தம் கேட்டதுமே டப்பா சாய்ப்பிலிருந்து பாய்ந்துவந்து, கால் வைக்கிற இடத்தில் ஏறி உட்கார்ந்து, ஊர் சுற்றக் கிளம்புகிற மாப்பிள்ளை மாதிரி நேரே ரோட்டைப் பார்த்தது. ரசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டருகே வந்து நின்றாள். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள், வாசனையில் அது பொரித்த மீன் என்று தெரிந்தது. போற வழியில பசிச்சா போடுங்க என்று சொல்லி வண்டிக் கூடையில் வைத்தாள். அபுல் ஹசன் வண்டியை உதைத்தார். அது கிளம்பியது. அவர்தான் கிளம்பவில்லை.

"ரசியா. அந்த எச்சில் டப்பாவோடது இல்ல. பூவராகன் நாயோடது. இது குச்சியைத் தின்னுடுச்சு. மிச்சம் இருந்த ஒண்ணுல தெருநாய்னு வந்துடும்னு பயந்து, அங்க போய் எடுத்துட்டேன்."

வண்டி தடதடவென்று அடித்துக்கொண்டு நின்றது. எந்தப் பக்கத்திலிருந்து இடி விழும் என்று தெரியாமல் அபுல் ஹசன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் எந்தக் கணக்கெடுப்பிலும் ஒரு நட்டு குறையாமல் ஒப்படைத்த மனுஷன், மனைவியின் முன்னால் கூனிக் குறுகி நின்றார்.

"அப்ப இதுக்கு இன்னும் டெஸ்ட்டே எடுக்கல" என்றாள் ரசியா மெதுவாக.

இல்லை என்று தலையாட்டினார்.

"முடிவு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னுதான பேச்சு. இதுக்கு முடிவு வரலையே. பேச்சுன்னா பேச்சு. வண்டிய அமத்துங்க."

அவருக்கு முதலில் காதில் விழவில்லை, விழுந்த பிறகு நம்ப முடியவில்லை. சாவியைத் திருப்பினார். அசாரிடம் இன்னொரு பெட்டி அனுப்பச் சொல்லட்டுமா என்று, சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் கேட்டுவைத்தார். ரசியா அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே செத்தது. பூவராகன் அண்ணனிடம் மூச்சு விடக் கூடாது என்றும், அடுத்த ஜும்ஆவில் உடம்பு குணமாகிவிட்டது என்று ஹஜ்ரத்திடம் சொல்லி விஷயத்தை முடித்துவிட வேண்டும் என்றும் வரிசையாக உத்தரவு போட்டாள். நாலு வருடத்தில் வீட்டு ஆளாக நினைத்து அவள் அவருக்குப் போட்ட முதல் உத்தரவுகள். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றார்.

எல்லாம் முடிந்தது என்று அவர் வண்டியை உள்ளே தள்ளப் போனார். ரசியா கேட்டை விட்டு நகரவில்லை.

"ஒரு நாய்க்காக கிள்ளைக்குப் போய், குச்சி மாத்தி, ரெண்டு மாசம் எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அபுல் ஹசன் வண்டியைப் பிடித்தபடியே யோசித்தார். டப்பா இறங்கவா வேண்டாமா என்று ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"வாரா வாரம் வெள்ளிக்கிழமை போன் பண்ணுவேன்ல. நீ கேப்ப. நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடுறேன், இங்க ஒரு குறையும் இல்லன்னு சொல்லுவேன். இருபத்தாறு வருஷமும் அது பொய்தான் ரசியா."

ரசியா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் பால்காரர் போனார்.

"நானும் இங்கேர்ந்து அதையேதான சொன்னேன்" என்றாள்.